ஜன்னல் அட்டவணை

சோமனூரில் எந்தத் தெருவில் நின்றாலும்
கத்தித்தான் பேச வேண்டும்.
முதல் கூட்டத்தில் நாங்கள் மூவரும்
நாற்பது தறிக்காரப் பெண்களும்
கோபமே இல்லாமல் கத்திக்கொண்டோம்.

பிள்ளைகளை விட ஓரிடம் வேண்டும், அவ்வளவுதான்.
குடோனில் தூணுக்குத் தூண் காடாத்துணியில் தொட்டில்.
அடியில் பஞ்சுத்தூசி, தலைக்கு மேல் பெல்ட்.
அருள்ஜோதி மேடம்
சத்தம் அளக்கும் மானியைத் தொட்டிலுக்குள் நீட்டினார்.
தொண்ணூற்றாறு.
திரும்பும் வழியில் கருமத்தம்பட்டி தாண்டியும்
அவர் ஒன்றும் பேசவில்லை.

அன்றிரவே சுவரை வரைந்துவிட்டேன்.
பதினெட்டு அங்குலம்.
மழைநீர்த் தொட்டிக்குத் தோண்டும் அதே குழியின் செம்மண்,
நூற்றுக்கு எட்டுப் பங்கு சிமெண்ட்,
அமுக்கி எடுத்து நிழலில் வைத்தால் கல்.
சூளை வேண்டாம், லாரி வேண்டாம்.
ஜன்னல் அட்டவணையில் எழுதினேன்:
ஜ1 முதல் ஜ4 வரை, பாலக்காட்டுக் காற்றுக்கு.
ஜ5, வெளிச்சத்துக்கு.
ஜ6, வேப்பமரத்துக்கு.
தறி இருக்கும் கிழக்கே ஒன்றும் இல்லை.

தளக்குறிப்பேட்டில் ஒரு வரி இருக்கிறது, என் கையெழுத்தில்:
பகல் இரண்டு மணி. கரண்ட் போனது. தறிகள் நின்றன.
பதினோரு பிள்ளைகளும் ஒரே நேரத்தில் விழித்து அழுதன.
காரணம், புழுக்கம்.
அடிக்கோடு வேறு போட்டிருக்கிறேன்.

தை மாதம் திறந்தோம்.
உள்ளே நாற்பத்து மூன்று.
பால் காய்ச்சினார்கள், பொங்கும் சத்தம் கேட்டது.
"இதுக்குச் சத்தம் இருக்குதுங்களா" என்று
துளசிமணியக்கா
இன்னொரு தரம் பொங்கவிட்டுக் கேட்டார்.

மூன்றாம் நாள் போன்.
"ஏனுங் மேடம், சொவுரு ரொம்ப நல்லாருக்குதுங்க.
ஒண்ணுகூடத் தூங்க மாட்டீங்குதுங்க."

போய்ப் பார்த்தோம்.
அமைதியின் நடுவே பதினோரு ஜோடிக் கண்கள்
முழுதாகத் திறந்து கிடந்தன.
ஒடிசாவிலிருந்து வந்த மினதியின் மகன்
அழக்கூட இல்லை,
எதையோ தொலைத்தவன் போலக் கூரையைப் பார்த்தான்.
மின்விசிறியைக் கூட்டினோம், குறைத்தோம்,
திரையை இழுத்தோம்.
துளசிமணியக்கா அவனைத் தூக்கிக்கொண்டு போய்
குடோன் சுவரில் சாய்ந்து நின்றார்.
நாடா பத்துத் தரம்கூடப் போய்வந்திருக்காது,
கழுத்து அவர் தோளில் தொங்கிவிட்டது.
"வயித்துல இருந்தப்பவே ரெண்டு ஷிப்டு கேட்டதுங்க."

பீளமேட்டில்,
பம்புசெட் ரிப்பேர்க் கடைக்கு மேலே இருக்கிற எங்கள் ஆபீசில்
அன்று வந்தது சண்டை.
ஒரு சாண் திறப்பால் சுவருக்கு ஒன்றும் ஆகாது என்றார் ஹபீப்.
சுவருக்கு ஆகாது, காதுக்கு, என்றார் மேடம்.
டாக்டரைக் கேட்டோம், அவரும் காது என்றார்.
அக்காவைக் கேட்டோம்.
"எங்க காது போயி இருவது வருசமாச்சுங்க,
தூக்கம் மட்டும் போவுலீங்க."
இதற்கு என்ன பதில் சொல்வது என்று
எந்தக் கல்லூரியிலும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை.

கிழக்குச் சுவரில் ஒரு சாண் அகலம், ஒரு சாண் உயரம்.
உடைந்த தறியின் பலகையில் ஒரு கதவு.
தாழ்ப்பாள் தாய்மார் கையில்.
பிள்ளை கண்ணசந்ததும் மூட வேண்டும்,
மாதத்துக்கு ஒரு விரல் திறப்பைக் குறைக்க வேண்டும்
என்று நிலையில் பென்சிலால் கோடு போட்டுக் கொடுத்தோம்.
பங்குனியில் போனபோது
இரண்டாம் கோட்டில் நின்றது கதவு.
ஆடியில் போனபோது முழுதாகத் திறந்திருந்தது.
யாரும் காரணம் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.
பத்திரிகைக்குப் படமெடுக்க வந்தவர்
மேற்குப் பக்கம் மட்டும் எடுத்துக்கொண்டு போனார்.

அட்டவணையைத் திருத்தி அனுப்பிய அன்று
கொத்தனார் வேலுமணி கூப்பிட்டார்.
"ஜ7, சத்தத்துக்குன்னு போட்டிருக்குதுங்.
வராம இருக்கறதுக்குங்களா, வர்றதுக்குங்களா?"

அவர் பின்னால் தறி ஓடிக்கொண்டிருந்தது.
வருவதற்கு, என்றேன்.
கேட்கவில்லை போல.
நாற்காலியை விட்டு எழுந்து நின்று
கத்தினேன்.